எல்லை தாண்டி வந்தவர்களுக்கு யார் கதவைத் திறந்தார்கள்? கனடாவுக்கு வந்த அமெரிக்கப் போர் மறுப்பாளர்கள்: கேள்வி பதில்

வியட்நாம் போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் கனடாவுக்குப் போனார்கள். ஈராக் போர்க் காலத்தில் அதே பாதையில் இன்னொரு சிறு கூட்டம் வந்தது. இதைப் பேசும்போதெல்லாம் "கனடா அடைக்கலம் கொடுத்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அடைக்கலம் என்பது அரசாங்கம் தட்டில் வைத்து நீட்டியதல்ல. படிவம் நிரப்பவும், படுக்க இடம் தரவும், விசாரணை அறையில் கூட உட்காரவும் சில நூறு பேர் முன்வந்தார்கள். அதனால்தான் அது நடந்தது. இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

போர் மறுப்பாளர்கள் என்றால் யார்?

மூன்று விதமானவர்களை இந்தச் சொல்லால் குறிக்கிறோம். கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தும் போகாதவர்கள், அல்லது வருவதற்கு முன்பே கிளம்பியவர்கள் முதல் வகை. ராணுவத்தில் சேர்ந்த பிறகு முகாமை விட்டு வெளியேறியவர்கள் இரண்டாவது. மனசாட்சி ஒப்பவில்லை என்று முறைப்படி விண்ணப்பித்து, அது நிராகரிக்கப்பட்டதால் வேறு வழியில்லாமல் போனவர்கள் மூன்றாவது. சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள். முதல் வகைக்கு சாதாரண நீதிமன்றம், 5 ஆண்டு வரை சிறை. இரண்டாம் வகைக்கு ராணுவ நீதிமன்றம். போர்க் காலத்தில் ராணுவத்தை விட்டு ஓடினால் மரண தண்டனை வரை போகலாம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. கடைசியாக அப்படிச் சுட்டுக் கொல்லப்பட்டவர் எடி ஸ்லோவிக் என்ற சிப்பாய், 1945 ஜனவரியில்.

கட்டாய ஆள்சேர்ப்பு எப்படி நடந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். 1969 டிசம்பர் 1-ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. அதற்குள் 366 நீலநிறக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் வருடத்தின் ஒரு தேதி. ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறார்கள், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. உன் பிறந்தநாள் முதலில் வந்தால் நீ முதலில் போர்க்களத்துக்கு. வீட்டில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து அதைப் பார்த்த பையன்களை நினைத்துப் பாருங்கள்.

ஏன் கனடா?

பக்கத்தில் இருக்கிறது, பெரும்பாலான பகுதியில் ஆங்கிலம் பேசுகிறார்கள், அந்த நாட்டில் கட்டாய ராணுவச் சேவை இல்லை. சுற்றுலாப் பயணியாக நுழைவதற்கு அமெரிக்கருக்கு விசா தேவையில்லை. வியட்நாமுக்குக் கனடா படை அனுப்பவில்லை. ஆனால் கனடிய ஆலைகள் அமெரிக்க ராணுவத்துக்குப் போர்த் தளவாடங்களை விற்றுக்கொண்டுதான் இருந்தன. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், போரை மறுத்து வந்தவர்கள் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. ரஷ்யாவில் 1895-ல் தங்கள் ஆயுதங்களைக் குவித்து எரித்த டூகபோர் சமூகத்தினர் ஆயிரக்கணக்கில் 1899-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் பலர் பின்னாளில் போய்த் தங்கிய பிரிட்டிஷ் கொலம்பியாவின் கூட்டனே மலைப்பகுதிக்குத்தான் வியட்நாம் காலத்து இளைஞர்கள் பலரும் போனார்கள்.

கனடா இவர்களுக்கு அகதி அந்தஸ்து கொடுத்ததா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். வியட்நாம் காலத்தில் வந்தவர்கள் அகதிகளாக அல்ல, சாதாரணக் குடியேறிகளாகவே ஏற்கப்பட்டார்கள். 1967-ல் கனடா ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 100-க்கு 50 எடுத்தால் குடியேற அனுமதி. படிப்புக்கு 20 வரை. வயது, மொழி, தொழில்திறன், கையில் இருக்கும் வேலை உத்தரவு ஒவ்வொன்றுக்கும் 10 வரை. எடுத்த தொழிலுக்கு நாட்டில் தேவை இருந்தால் 15 வரை. எல்லை அதிகாரி ஆளைப் பார்த்துத் தன் விருப்பப்படி போடக்கூடியது இன்னொரு 15.

ஏன் போரை மறுத்தாய் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. உன் மனசாட்சியை நீ நிரூபிக்க வேண்டாம், 50 மதிப்பெண்ணை நிரூபித்தால் போதும். அகதி விசாரணையில் உட்கார்ந்து, தன் பயம் உண்மைதான் என்று முன்பின் தெரியாதவர்களிடம் மணிக்கணக்காக விளக்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

ஆர்வலர்கள் என்னதான் செய்தார்கள்?

அந்த 50 மதிப்பெண்ணை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எளிதாகத் தோன்றும், எளிதல்ல.

1966 வாக்கில் வான்கூவரிலும் மாண்ட்ரியலிலும் உதவிக் குழுக்கள் தொடங்கின. டொராண்டோவில் மாணவர் அமைதி இயக்கம் ஒன்றிலிருந்து ஆள்சேர்ப்பு எதிர்ப்புத் திட்டம் என்ற அமைப்பு முளைத்தது. அதை நடத்திய மார்க் சாட்டின் தானே அழைப்பை மறுத்து வந்த அமெரிக்கர். 1968 ஜனவரியில், குடியேற நினைக்கும் இளைஞர்களுக்காக அவர் தொகுத்த கையேடு ஹவுஸ் ஆஃப் அனான்சி பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. முதலில் அச்சிட்டது 5,000 பிரதிகள். பிறகு பதிப்பு மேல் பதிப்பாக ஒரு லட்சத்தை நெருங்கியது. உள்ளே புரட்சி முழக்கம் எதுவும் கிடையாது. எந்தப் படிவம், எவ்வளவு மதிப்பெண், எங்கே விண்ணப்பிப்பது, கனடாவில் குளிர் எப்படி, வாடகை எவ்வளவு என்ற விவரங்கள்தான். எல்லையிலேயே விண்ணப்பிக்கலாம், உள்ளே வந்த பிறகு விண்ணப்பிக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். எல்லையில் போனால் முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு பையன் எல்லைச் சாவடிக்குப் போகும் நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். முந்தின இரவு யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் படுத்திருப்பான். காலையில் அந்த வீட்டம்மா முடியை ஒழுங்காக வெட்டிக்கொள்ளச் சொல்வார். சலவை செய்த சட்டை, கழுத்தில் டை. கையில் ஒரு உறை. அதில் கல்லூரிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கனடிய முதலாளி கையெழுத்திட்ட வேலைக் கடிதம். அந்தக் கடிதத்துக்காக உதவிக் குழுவினர் வாரக்கணக்கில் கடைக்காரர்களையும் சிறு நிறுவனக்காரர்களையும் கேட்டு அலைந்திருப்பார்கள். ஏற்கெனவே கனடாவுக்குள் இருப்பவனாக இருந்தால், யாராவது அவனைக் காரில் ஏற்றி, பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் போய், உடனே திரும்பி எல்லையில் விண்ணப்பிக்க வைப்பார்கள். தன்னைத் தேடும் நாட்டுக்குள் சில நிமிடம் மறுபடி கால் வைத்தாக வேண்டும். கூடப் போகிறவர் வண்டி ஓட்டிக்கொண்டே கேள்விகளைக் கேட்டுப் பயிற்சி கொடுப்பார்.

இதில் பெயர் சொல்லியே ஆக வேண்டிய ஒருவர் நான்சி போகாக். டொராண்டோவைச் சேர்ந்த குவேக்கர், அதாவது போரில் சேருவதை மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் வீட்டுக் கதவு இந்தப் பையன்களுக்கு எந்நேரமும் திறந்திருந்தது. போர் முடிந்து வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களுக்கும், அதன்பின் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கதவைத்தான் திறந்து வைத்தார். மேடையில் பேசியவர்கள் நினைவில் நின்றுவிடுகிறார்கள், சமையலறையில் நின்றவர்களை மறந்துவிடுகிறோம்.

தேடப்படும் ஆட்களைத் திருப்பிக் கொடு என்று அமெரிக்கா கேட்கவில்லையா?

கேட்டாலும் பயனில்லை. இரு நாடுகளுக்கும் இடையிலான குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் ஆள்சேர்ப்பை மறுப்பது குற்றமாகச் சேர்க்கப்படவில்லை. கனடாவுக்குள் ஆலோசனை சொல்வதும் குற்றமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. இளைஞர்களுக்கு மறுக்கத் துணைபோனதாகக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கையே 1968-ல் தண்டித்தார்கள். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது.

ராணுவத்தை விட்டு ஓடி வந்தவர்களையும் ஏற்றுக்கொண்டார்களா?

ஆரம்பத்தில் இல்லை. வெளியே சொல்லாமல் தடுத்தார்கள். சட்டத்தில் அப்படித் தடை எதுவும் இல்லை. ஆனால் அதிகாரி தன் விருப்பப்படி போடும் அந்த 15 மதிப்பெண் கத்தியாக மாறியது. ராணுவக் கடமை பாக்கி இருப்பவரை விலக்கலாம் என்று உள்ளுக்குள்ளேயே வழிகாட்டுதல் போயிருந்தது.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஐந்து மாணவர்கள். டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தின் கிளெண்டன் கல்லூரியில் படித்தவர்கள். 1969 பிப்ரவரியில், ராணுவத்தை விட்டு வந்த ஓர் அமெரிக்கரின் ஆவணங்களை நகல் எடுத்து ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு வெவ்வேறு எல்லைச் சாவடிகளுக்குப் போனார்கள். விதிப்படி மதிப்பெண் போட்டால் தாராளமாகத் தேறக்கூடிய ஆவணங்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. செய்தி பத்திரிகைகளில் வந்ததும் தேவாலயங்களும் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் அரசை நெருக்க ஆரம்பித்தார்கள். 1969 மே 22 அன்று குடியேற்ற அமைச்சர் ஆலன் மக்கீச்சன், இனி விண்ணப்பதாரரின் ராணுவ நிலை எல்லையில் கேட்கப்படாது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பிரதமர் பியர் ட்ரூடோ கனடா ராணுவ வெறியிலிருந்து தப்பி வருவோரின் புகலிடமாக இருக்க வேண்டும் என்று பேசியதை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். சரி, நல்ல பேச்சுதான். அதற்கு முன்னால் அந்த ஐந்து மாணவர்கள் போக வேண்டியிருந்தது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

வந்தவர்கள் எல்லோரும் சமமாக நடத்தப்பட்டார்களா?

மதிப்பெண் முறை படித்தவனுக்குச் சாதகம். கல்லூரிக்குப் போன வெள்ளையினத்து நடுத்தர வர்க்கப் பையன் எளிதாகத் தேறினான். பள்ளியோடு நிறுத்திவிட்டு வேறு வேலை கிடைக்காமல் ராணுவத்துக்குப் போய், அங்கே நடப்பதைப் பார்த்து ஓடி வந்த தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அது கஷ்டம். கறுப்பின அமெரிக்கர்கள் குறைவாகவே வந்தார்கள். வந்தவர்களில் பலர் தங்கள் சமூகமே இல்லாத ஊரில் தனித்துப் போனார்கள்.

பெண்களைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அவர்களுக்கு அழைப்பாணை வராது, ஆனாலும் மனைவியாக, காதலியாக, அம்மாவாக, அல்லது போரை எதிர்ப்பதற்காகவே தனியாக ஏராளமான பெண்கள் எல்லை தாண்டினார்கள். நகரங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜேன் ஜேக்கப்ஸ் 1968-ல் குடும்பத்தோடு நியூயார்க்கை விட்டு டொராண்டோவுக்கு வந்ததற்கு, மகன்கள் ராணுவ அழைப்பு வரும் வயதில் இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் கதவு எப்போது மூடியது?

1972 நவம்பரில். எல்லையிலோ நாட்டுக்குள் வந்த பிறகோ குடியேற விண்ணப்பிக்கும் வழியைக் கனடா நிறுத்திவிட்டது. உள்ளே அந்தஸ்து இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்காக 1973-ல் 60 நாள் அவகாசம் கொடுத்தார்கள். உதவிக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் ஆட்களைத் தேடிப் பதிவுசெய்ய வைத்தன. அதன்பின் எல்லையில் நின்று மதிப்பெண் எண்ணும் காலம் முடிந்தது. முப்பது வருடம் கழித்து ஈராக் போரை மறுத்து வந்தவர்களை இது நேராகப் பாதித்தது.

ஈராக் போருக்குப் போனவர்கள் தாங்களாகவே ராணுவத்தில் சேர்ந்தவர்கள்தானே? பிறகு எப்படி மறுக்கலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். ஆமாம், 1973-க்குப் பிறகு அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட நாளில் ஒருவர் சம்மதித்தது எதற்கு? ஈராக்கில் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை அந்தப் படையெடுப்புக்கு அனுமதி தரவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பாமல் பிடித்துவைக்கும் விதி ஒன்று இருந்தது. அதன்படி பல ஆயிரம் பேரை மீண்டும் போருக்கு அனுப்பினார்கள். மனசாட்சி என்பது பதினெட்டு வயதில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பூட்டி வைக்கும் பொருள் அல்ல. கண்ணால் பார்த்த பிறகுதான் பலருக்கு அது பேசவே ஆரம்பிக்கிறது.

ஜெரமி ஹின்ஸ்மன் நல்ல உதாரணம். விமானத்திலிருந்து வான்குடையில் குதித்துச் சண்டையிடும் 82-ஆவது படைப்பிரிவின் சிப்பாய். குவேக்கர் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தவர், சண்டையில்லாத பணிக்கு மாற்றச் சொல்லி 2002-ல் விண்ணப்பித்தார். ஆப்கானிஸ்தானில் சமையலறை வேலை செய்துகொண்டிருந்தபோது அது நிராகரிக்கப்பட்டது. அடுத்து ஈராக் என்று தெரிந்ததும் 2004 ஜனவரியில் மனைவி, கைக்குழந்தையோடு கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்தார். ஈராக் போரை மறுத்து அப்படிக் கேட்ட முதல் அமெரிக்கச் சிப்பாய் அவர்தான்.

அகதி வழக்குகளில் ஏன் தோற்றார்கள்?

வந்திறங்கியபின் விண்ணப்பிக்கும் பழைய வழி இல்லை, அகதிக் கோரிக்கை என்ற குறுகிய வாசல் மட்டுமே மிச்சம். 2004-ல் டொராண்டோவில் தொடங்கிய போர் மறுப்பாளர் ஆதரவு இயக்கம் இவர்களுக்கு வீடு, வேலை அனுமதி, வழக்கறிஞர் எல்லாம் ஏற்பாடு செய்தது. அதன் ஒருங்கிணைப்பாளர் லீ சஸ்லாஃப்ஸ்கியும், முதல் வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் ஜெஃப்ரி ஹவுஸும் வியட்நாம் காலத்தில் எல்லை தாண்டி வந்தவர்கள்தான்.

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையேட்டில் 171-ஆம் பத்தி என்று ஒன்று உண்டு. உலக சமூகம் கண்டிக்கும், மனித நடத்தையின் அடிப்படை விதிகளுக்கு முரணான ராணுவ நடவடிக்கையில் சேர மறுத்ததற்காக ஒருவரைத் தண்டித்தால், அந்தத் தண்டனையே துன்புறுத்தலாகக் கருதப்படலாம் என்பது அதன் சாரம். வழக்கின் அச்சாணி அதுதான். ஆனால் ஹின்ஸ்மன் விசாரணையில், போரே சட்டவிரோதம் என்ற வாதத்தை எடுக்கவே அகதிகள் வாரியம் விடவில்லை. ஜிம்மி மேஸி என்ற முன்னாள் அமெரிக்க மரைன் படைச் சிப்பாய், ஈராக்கில் சோதனைச் சாவடிகளில் பொதுமக்கள் சுடப்பட்டதைப் பற்றி சாட்சி சொன்னார். அப்படியும் 2005 மார்ச்சில் கோரிக்கை தள்ளுபடி. அமெரிக்கா ஜனநாயக நாடு, அங்கே இருக்கும் சட்ட வழிகளை முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்று 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. அதே வருட நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவனிடம் இன்னும் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று சொல்வது போல இருக்கிறது. 2008 ஜூலையில் ஜாஷுவா கீ என்ற இன்னொரு சிப்பாயின் வழக்கில் மட்டும் வேறு காற்று வீசியது. போர்க்குற்றம் என்ற அளவுக்குப் போகாவிட்டாலும், பொதுமக்களைத் தொடர்ந்து இழிவுபடுத்தும் ராணுவச் செயல்களில் பங்குபெற மறுத்தவருக்கும் பாதுகாப்பு கேட்க இடமுண்டு என்று சொல்லி, அவர் கோரிக்கையை மறுபடி விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம்.

நாடாளுமன்றம் ஒன்றும் செய்யவில்லையா?

செய்தது, பலன்தான் இல்லை. 2008 ஜூன் 3 அன்று இவர்களைத் தங்கவிட வேண்டும் என்ற தீர்மானம் 137-க்கு 110 என்று நிறைவேறியது. 2009 மார்ச்சில் மறுபடியும், 129-க்கு 125. இரண்டும் அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானங்கள், அரசு கண்டுகொள்ளவில்லை. அதையே சட்டமாக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஜெரார்ட் கென்னடி கொண்டுவந்த மசோதா 2010 செப்டம்பரில் 143-க்கு 136 என்று தோற்றது. ஏழு ஓட்டு. இதற்கிடையில் 2010 ஜூலையில், ராணுவத்தை விட்டு வந்தவர்கள் குற்றப் பின்னணி காரணமாகத் தகுதியற்றவர்களாக இருக்கலாம், கவனியுங்கள் என்று குடியேற்ற அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை போனது. 1969-ல் நீக்கிய அதே பாரபட்சம், மறுபடியும்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது?

ராபின் லாங் 2008 ஜூலையில் நாடு கடத்தப்பட்டார். அடுத்த மாதமே ராணுவ நீதிமன்றம் 15 மாதச் சிறை விதித்தது. கிம்பர்லி ரிவேரா 2007-ல் குடும்பத்தோடு வந்தவர், கனடாவில் அடைக்கலம் கேட்ட முதல் பெண் சிப்பாய். 2012 செப்டம்பரில் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லையைக் கடந்ததும் கைது. 10 மாதச் சிறை. சிறைக்காவலில் இருந்தபோதே குழந்தை பெற்றார்.

ராட்னி வாட்சன் வேறு வழி எடுத்தார். 2009-ல் வான்கூவரில் ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் போய்த் தஞ்சம் புகுந்தார். உள்ளே வந்து பிடிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது, அதிகாரிகள் தயங்குவார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான். வெளியே கால் வைக்க முடியாமல் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார். சாமான் வாங்கிக் கொடுப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் வெளியில் இருப்பவர்கள்தான் கைகால்.

இன்றும் இப்படி நடக்கிறதா?

நடக்கிறது. 2022 செப்டம்பர் 21 அன்று உக்ரைன் போருக்காக ரஷ்யா ஆள்திரட்டலை அறிவித்த இரண்டே வாரத்தில், 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் நாட்டுக்குள் வந்ததாகக் கஜகஸ்தான் அரசு சொன்னது. ஜார்ஜியா எல்லையில் மைல்கணக்கில் வண்டிகள். அந்த நாட்களில்தான் ரஷ்ய ஆர்வலர் கிரிகோரி ஸ்வெர்ட்லின், ராணுவத்திலிருந்து தப்ப உதவும் 'காட்டு வழியே போ' என்ற அமைப்பை ஜார்ஜியாவில் இருந்துகொண்டு தொடங்கினார். அங்கேயும் காகிதம்தான் விஷயம். படையை விட்டு ஓடி வந்தவர்கள் பலரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருக்காது. உள்நாட்டு அடையாள அட்டையை வைத்துக்கொண்டே நுழையக்கூடிய கஜகஸ்தான், ஆர்மீனியா போன்ற நாடுகளுக்குத்தான் முதலில் போக முடியும். அங்கே ரஷ்யாவின் கை எட்டும் என்பதால் நிம்மதியாக இருக்கவும் முடியாது.

வியட்நாம் காலத்தில் போனவர்கள் பிறகு ஊர் திரும்பினார்களா?

1977 ஜனவரி 21, பதவியேற்ற மறுநாளே ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஆள்சேர்ப்பை மறுத்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதுவரை அப்பா இறந்தாலும் போய் முகம் பார்க்க முடியாமல் இருந்தவர்கள் சுதந்திரமாகப் போய்வர முடிந்தது. சிலர் நிரந்தரமாகத் திரும்பினார்கள். அதற்குள் வேலை, வீடு, பிள்ளைகள் என்று வேர்விட்டுவிட்டவர்கள் கனடாவிலேயே இருந்துகொண்டார்கள்.

ராணுவத்தை விட்டு ஓடியவர்களுக்கு அந்த மன்னிப்பு இல்லை. 1968-ல் மரைன் படையை விட்டு வந்து கனடியக் குடிமகனாகவே ஆகிவிட்ட ஒருவர், 2006 மார்ச்சில் மனைவியோடு விடுமுறைக்காக எல்லையைத் தாண்டினார். அதற்கு முன் பலமுறை போய்வந்த எல்லைதான். இந்த முறை கணினியில் பழைய வாரண்ட் வந்து நின்றது. 38 வருடம் கழித்து, தலை நரைத்த மனிதரை ராணுவக் காவலில் அடைத்தார்கள். சில நாட்கள் வைத்திருந்து, படையிலிருந்து நீக்கிவிட்டதாகக் காகிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.